கொதிக்கக் கூடாத கறி: வீட்டில் பிரெஞ்சு ஸ்டியூ

மூன்று மணி நேரம் வெந்த கறி. சாறு தாராளமாக இருக்கிறது. ஆனாலும் வாயில் போட்டால் சக்கை. பிரெஞ்சு ஸ்டியூவை முதன்முறை செய்கிறவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான்: கறித்துண்டு தவறு, அல்லது பானை தளதளவென்று கொதித்திருக்கிறது. எந்த ஊர் ஒயின், தைம் எத்தனை கிளை என்ற கேள்வியெல்லாம் அதற்குப் பிறகு.

இறைச்சியின் நார்கள் 60 பாகை செல்சியஸ் தாண்டியதும் சுருங்கித் தம்மிடமுள்ள நீரைப் பிழிந்து வெளியே விடுகின்றன. சுற்றிலும் எவ்வளவு சாறு இருந்தாலும் அது திரும்ப உள்ளே போவதில்லை. அந்த வறட்சியை ஈடுகட்டுவது கொலாஜன். நார்களைக் கட்டி வைத்திருக்கும் இந்தச் சவ்வு 70 பாகைக்கு மேல் மெதுவாகக் கரைந்து ஜெலட்டினாக மாறுகிறது. அது நார்களுக்கு இடையில் பரவித்தான் கறியை வழவழப்பாக்குகிறது, சாற்றுக்கும் உதட்டில் ஒட்டும் பதத்தைக் கொடுக்கிறது. இதற்கு நேரம் வேண்டும். வெப்பத்தைக் கூட்டி அந்த நேரத்தைக் குறைக்கப் பார்த்தால், கொலாஜன் கரையும் வேகத்தைவிட நார்கள் காயும் வேகம் அதிகமாகிவிடும். அதனால் சாறு 85 முதல் 95 பாகைக்குள் நிற்க வேண்டும். மேற்பரப்பில் சில நொடிக்கு ஒரு குமிழி வந்து உடைகிற நிலை அது. பிரெஞ்சில் இதற்கு 'ஃப்ரேமீர்' என்று சொல்வார்கள். நடுங்குவது என்று பொருள். பானையைப் பார்த்தால் பொருத்தமான சொல் என்பது புரியும்.

கறியும் பாத்திரமும்

கொழுப்பில்லாத, 'நல்ல' கறி என்று விலை கொடுத்து வாங்கும் ஃபிலே, ரம்ஸ்டெக் போன்றவற்றில் கொலாஜன் மிகக் குறைவு. ஸ்டியூவில் போட்டால் வீண். மாட்டில் வேண்டியது அதிகம் உழைத்த பகுதிகள். தோள்பட்டையிலிருந்து வரும் பலெரோனின் நடுவே வெள்ளையாக ஒரு சவ்வு ஓடும். அதை வெட்டி எடுத்துவிடாதீர்கள், வெந்தபின் அதுதான் ருசி. அதே தோள்பட்டையின் மக்ரூஸ் கொஞ்சம் மெலிந்தது. கன்னக்கறியான ஜூவும் கால்கறியான ஜாரேயும் ஜெலட்டின் நிறைந்தவை. ஒரே வகையில் முழு ஸ்டியூவையும் செய்வதைவிட இரண்டைக் கலப்பது நல்லது: பாதி பலெரோன், பாதி கன்னம் அல்லது கால்.

துண்டு ஒவ்வொன்றும் 60 முதல் 70 கிராம், கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் இருக்கட்டும். வெட்டியே விற்கும் சின்னத் துண்டுகள் வேகும்போது மேலும் சுருங்கி, வெந்து முடிப்பதற்குள் நாராகிவிடும்.

பாத்திரம் என்றால் கொக்கொத். எனாமல் பூசிய, கனமான மூடியுள்ள வார்ப்பிரும்புப் பானை. 1925இல் ஃப்ரெனுவா-லெ-கிரானில் தொடங்கிய லெ குரூசே, 1974இல் அல்சாஸில் தொடங்கிய ஸ்டோப் இரண்டும் பெயர் பெற்றவை. ஆனால் அடி கனமாக, மூடி இறுக்கமாக உள்ள எதுவும் போதும். ஆறு பேருக்கு 5 லிட்டர் அளவு. பூச்சில்லாத இரும்பிலும் அலுமினியத்திலும் ஒயின் சமைக்காதீர்கள். அமிலம் உலோகத்தோடு வினைபுரிந்து சாற்றுக்கு உலோகச் சுவையைக் கொடுத்துவிடும்.

பிரஷர் குக்கரில் ஒரு மணி நேரத்துக்குள் கறி மெத்தென்றாகிவிடும், உண்மைதான். ஆனால் உள்ளே 115 பாகைக்கு மேல் போவதால் நார் வறளும், சாறும் சுண்டாது. அவசரத்துக்குச் செய்யலாம், கீழே சொல்வது அவசரத்துக்கானது அல்ல.

பெஃப் பூர்கின்யோன்

பூர்கோன் பகுதியின் இந்தச் சிவப்பு ஒயின் ஸ்டியூவைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொண்டால், மற்ற பழுப்பு ஸ்டியூக்களில் முக்கால்வாசி கைக்கு வந்துவிடும்.

ஆறு பேருக்கு: மாட்டிறைச்சி 1.5 கிலோ, சிவப்பு ஒயின் ஒரு பாட்டில் (750 மி.லி.), உப்பில்லாத மாட்டெலும்பு ஸ்டாக் 400 மி.லி., புகையூட்டிய பன்றி வயிற்றுக்கறி 200 கிராம், பெரிய வெங்காயம் 2, கேரட் 2, பூண்டு 3 பல், தக்காளி பேஸ்ட் 1 மேசைக்கரண்டி, மைதா 30 கிராம். தைம் 4 கிளை, லாரல் இலை (பே லீஃப்) 2, பார்ஸ்லித் தண்டு ஒரு கைப்பிடி ஆகியவற்றை லீக்கின் (தடித்த வெங்காயத்தாள் போன்றது) பச்சை இலையில் சுற்றி நூலால் கட்டிய புக்கே கார்னி ஒன்று. இவற்றோடு, தனியாகச் சமைத்துச் சேர்க்க 24 சிறு வெங்காயம், 300 கிராம் பட்டன் காளான், 60 கிராம் வெண்ணெய்.

ஒயின் பூர்கோனின் சிவப்புத் திராட்சையான பீனோ நுவாரில் செய்ததாக இருந்தால் அந்த ஊருக்கு விசுவாசம். இல்லாவிட்டால் இளமையான, துவர்ப்புக் குறைந்த எந்தச் சிவப்பும் சரி. ஓக் பீப்பாய் வாசம் தூக்கலாக உள்ளதையும் கடுந்துவர்ப்பு உள்ளதையும் தவிருங்கள். சுண்டச் சுண்டத் துவர்ப்பும் செறிந்து கசப்பில் போய் முடியும். விலையுயர்ந்த பாட்டிலைப் பானையில் ஊற்றுவது வீண்செலவு. அதை மேசைக்கு வையுங்கள்.

கறியை முந்தின இரவு ஒயினில் ஊறவைக்கச் சொல்லும் குறிப்புகள் நிறைய. ஒயின் ஒரே இரவில் சில மில்லிமீட்டர்தான் உள்ளே போகும். பதிலுக்குக் கறி ஈரமாகி, சிவக்க மறுக்கும். ஊறவைக்காமல், 12 கிராம் உப்பைத் தடவி மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்தால் மேல்பக்கம் உலர்ந்து அழகாகச் சிவக்கும். புகையூட்டிய கறியிலும் உப்பு இருக்கிறது என்பதால் இதற்கு மேல் வேண்டாம்.

வயிற்றுக்கறியை விரல் அகலக் குச்சிகளாக வெட்டி, குளிர்ந்த கொக்கொத்தில் போட்டு மிதமான தீயில் வையுங்கள். சூடான பாத்திரத்தில் போட்டால் வெளிப்பக்கம் கருகும், கொழுப்பு உள்ளேயே தங்கும். பொன்னிறமானதும் எடுத்து வைத்து, அந்தக் கொழுப்போடு ஒரு கரண்டி எண்ணெய் விட்டுத் தீயைக் கூட்டுங்கள்.

இப்போது கறியைச் சிவக்க வறுக்க வேண்டும். பொறுமை போவது இங்கேதான். துண்டுகளைத் துணியால் ஒற்றி, ஒன்றையொன்று தொடாதபடி மூன்று நான்கு தவணையாகப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினால் பாத்திரம் குளிர்ந்து, வெளியேறும் நீரில் கறி வேகத் தொடங்கும், நிறம் சாம்பலாகும். சிவப்பதற்கு மேற்பரப்பு 140 பாகையைத் தாண்ட வேண்டும். ஈரம் இருக்கும்வரை அது 100ஐத் தாண்டாது. பக்கத்துக்கு 3 நிமிடம், புரட்டும்வரை தொடாதீர்கள். ஆறு பக்கமும் சிவக்க வேண்டியதில்லை, இரண்டு போதும். பானையின் அடியில் பழுப்பாக ஒட்டுவதுதான் பின்னால் சாற்றின் நிறமும் சுவையும். அது பழுப்பைத் தாண்டிக் கறுத்துவிட்டால் தயங்காமல் கழுவிவிட்டு மறுபடி தொடங்குங்கள். கருகல் கசப்பை எதுவும் மறைக்காது.

கறியை எடுத்துவிட்டு, நறுக்கிய பெரிய வெங்காயத்தையும் கேரட்டையும் அதே கொழுப்பில் 8 நிமிடம் வதக்குங்கள். தக்காளி பேஸ்ட் சேர்த்து அது செங்கல் நிறமாகும்வரை ஒரு நிமிடம். கறியைத் திரும்பப் போட்டு மேலே மைதாவைத் தூவி, 2 நிமிடம் கிளறி மாவின் பச்சை வாடை போக்குங்கள்.

இதற்கிடையில் ஒயினைத் தனிப் பாத்திரத்தில் கொதிக்கவிட்டு 500 மி.லி. ஆகும்வரை சுண்டவையுங்கள். பலர் தாண்டிப் போகும் படி இது. மூடிய கொக்கொத்துக்குள் ஆல்கஹால் எளிதில் வெளியேறாது. சுண்டாத ஒயினை நேராக ஊற்றினால் மூன்று மணி நேரத்துக்குப் பிறகும் சாறு பச்சையாக, புளித்துக் கிடக்கும். சுண்டிய ஒயினை ஊற்றி, அடியில் ஒட்டியதை மரக்கரண்டியால் சுரண்டிக் கரையுங்கள். ஸ்டாக், நசுக்கிய பூண்டு, புக்கே கார்னி சேருங்கள். திரவம் கறியின் தோளளவு நின்றால் போதும். கறி முழுகிக் கிடந்தால் அது சூப்.

ஒரு முறை லேசாகக் கொதி வந்ததும் பட்டர் பேப்பரை வட்டமாக வெட்டிச் சாற்றின்மேல் படிய வைத்து, மூடி, 140 பாகை ஓவனில் வையுங்கள். அடுப்பைவிட ஓவன் மேல். எல்லாப் பக்கமும் ஒரே சூடு, அடிப்பிடிக்கும் பயமில்லை. அரை மணி கழித்துத் திறந்து பாருங்கள். குமிழிகள் ஓயாமல் வந்தால் 125க்கு இறக்குங்கள்.

ஒன்றரை மணி நேரத்தில் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தால் ரப்பர் போல இருக்கும். அதிகம் வெந்துவிட்டது என்று பயந்து எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. அது வேகாத கறி. கொலாஜன் இன்னும் கரையவில்லை. இரண்டரை மணியிலிருந்து சோதியுங்கள்: கத்தி முனை தடையில்லாமல் இறங்க வேண்டும், ஆனால் தூக்கினால் துண்டு உடையக் கூடாது. பலெரோனுக்கு 3 மணி, கன்னத்துக்கு இன்னும் அரை மணி ஆகலாம். கடிகாரத்தைவிடக் கத்தியை நம்புங்கள்.

சிறு வெங்காயமும் காளானும் ஆரம்பத்திலேயே பானைக்குள் போனால் கடைசியில் கண்ணுக்கே தெரியாது. உரித்த வெங்காயத்தை ஒரே அடுக்காகப் பரப்பி, பாதி உயரத்துக்குத் தண்ணீர், 20 கிராம் வெண்ணெய், ஒரு டீஸ்பூன் சர்க்கரை, சிட்டிகை உப்பு சேர்த்துத் தாளால் மூடி வேகவையுங்கள். தண்ணீர் வற்றியதும் தாளை எடுத்துவிட்டு, பாத்திரத்தைச் சுழற்றிச் சுழற்றி பழுப்புப் பளபளப்பு வரும்வரை உருட்டுங்கள். காளானை வேறு வாணலியில், பெருந்தீயில், மீதி வெண்ணெயில் வதக்குங்கள். முதலில் நீர் விடும். அது வற்றிச் சிவக்கும்வரை உப்புப் போடாதீர்கள்.

கறித்துண்டுகளை எடுத்து வைத்து, சாற்றை வடிகட்டிப் பத்து நிமிடம் அசையாமல் விடுங்கள். மேலே மிதக்கும் கொழுப்பை வழித்தெடுத்து, சாற்றைத் திறந்து வைத்துக் கரண்டியின் முதுகில் படியும்வரை சுண்டவையுங்கள். விரலால் ஒரு கோடு இழுத்தால் கோடு அப்படியே நிற்க வேண்டும். அதற்குள் உப்பு ஏறிவிட்டால் சுண்டுவதை நிறுத்திவிட்டு, வெண்ணெயும் மைதாவும் 20 கிராம் வீதம் பிசைந்த பேர் மான்யேயை நெல்லிக்காயளவு உருட்டிப் போட்டுக் கெட்டியாக்கலாம். புளிப்புத் தூக்கலாக இருந்தால் ஒரு சிட்டிகை சர்க்கரையும் ஒரு துண்டு குளிர்ந்த வெண்ணெயும் சரிசெய்யும். கறி, வயிற்றுக்கறி, வெங்காயம், காளான் எல்லாம் சாற்றுக்குள் போய்ப் பத்து நிமிடம் சூடேறட்டும். வேகவைத்த உருளைக்கிழங்கோ அகல நூடுல்ஸோ பக்கத்தில்.

மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும் என்பது உண்மைதான். இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தால் கொழுப்பு மேலே தகடாக உறைந்து, கையால் எடுத்துவிடலாம். ஆனால் கனமான கொக்கொத் சூட்டை மணிக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். அகலமான பாத்திரத்துக்கு மாற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்கு அனுப்புங்கள்.

இதே முறையில் சில மாற்றங்கள் செய்தால் வேறு ஊர்களின் ஸ்டியூ. தென் பிரான்சின் ப்ரொவான்ஸ் பகுதியில் 'தோப்' என்று சொல்லும் ஸ்டியூவில் ஆரஞ்சுத் தோல் ஒரு துண்டும் கறுப்பு ஆலிவும் சேரும், காளான் கட்டாயமில்லை. வட பிரான்சின் கார்பொனாதில் ஒயினுக்குப் பதில் பீர், வெங்காயம் மூன்று மடங்கு, மேலே கடுகு தடவிய ரொட்டித் துண்டு கரைந்து சாற்றைக் கெட்டியாக்கும். பீர் கசப்புக் குறைந்ததாக இருக்க வேண்டும். சுண்டும்போது பீரில் சேரும் ஹாப்ஸ் பூவின் கசப்பு பன்மடங்காகும். நவரேன் ஆட்டுக்குட்டித் தோள்கறியில் செய்வது, ஒன்றரை மணியில் முடிந்துவிடும். டர்னிப்பும் இளங்கேரட்டும் பட்டாணியும் தனித்தனி நேரத்தில் உள்ளே போகும்.

பிளாங்கெத் து வோ

கன்றிறைச்சியின் இந்த வெள்ளை ஸ்டியூ மேலே சொன்னதற்கு நேரெதிர். இங்கே எதுவும் சிவக்கக் கூடாது. கன்றிறைச்சி 1.2 கிலோ, தோளும் மார்பும் (தாந்த்ரோன்) கலந்து. குளிர்ந்த நீரில் போட்டுக் கொதி வந்ததும் 2 நிமிடத்தில் வடித்து, துண்டுகளைக் கழுவுங்கள். அழுக்கு நுரையாகப் போகும் புரதம் இப்போதே வெளியேறினால்தான் சாறு வெள்ளையாக நிற்கும். பிறகு 2 லிட்டர் புதுத் தண்ணீரில் கேரட், லீக்கின் வெள்ளைப் பகுதி, இரண்டு கிராம்பு குத்திய வெங்காயம், புக்கே கார்னி, உப்பு சேர்த்து, 'நடுங்கும்' சூட்டில் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம்.

50 கிராம் வெண்ணெயில் 50 கிராம் மைதாவை நிறம் மாறாமல் 3 நிமிடம் கிளறி, வடிகட்டிய சாறு 800 மி.லி. ஊற்றிப் பத்து நிமிடம் மெல்லக் கொதிக்கவிடுங்கள். காளானை எலுமிச்சைச் சாறு சில துளி, வெண்ணெய், கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்தால் வெளுப்பாகவே இருக்கும். சிறு வெங்காயமும் அப்படியே, சர்க்கரை பழுப்பாகுமுன் இறக்கிவிடவும்.

கடைசிப் படியில்தான் பலர் சறுக்குகிறார்கள். 2 மஞ்சள் கருவை 150 மி.லி. கிரெம் ஃப்ரெஷோடு (லேசாகப் புளித்த கெட்டிக் கிரீம்) அடித்து, சூடான சாஸ் இரண்டு கரண்டியை அதில் கொஞ்சங்கொஞ்சமாகக் கலந்து, பிறகுதான் எல்லாவற்றையும் பானையில் ஊற்ற வேண்டும். மறுபடி கொதிக்க விடாதீர்கள்; 80 பாகைக்குள் நிற்கட்டும். கொதித்தால் மஞ்சள் கரு திரிந்து சாஸ் மணல் மணலாகும். திரிந்துவிட்டால் கறியை எடுத்துவிட்டு சாஸை மிக்ஸியில் அடித்து வடிகட்டுங்கள். பழைய பட்டுத்தன்மை வராது, பரிமாற முடியும். அரை எலுமிச்சைச் சாறு கடைசியில். மறுநாளைக்கு வைக்கப் போகிற பங்கில் மஞ்சள் கருவைச் சேர்க்காதீர்கள். அதிலுள்ள நொதி மாவுச்சத்தை உடைப்பதால், கெட்டியாக இருந்த சாஸ் காலையில் நீர்த்துக் கிடக்கும். பிளாங்கெத்துக்கு வெறும் வெள்ளைச் சோறுதான் துணை.

கஸூலே

பீன்ஸும் பலவகைக் கறியும் சேர்ந்து ஓவனில் வேகும் ஸ்டியூ இது. தென் பிரான்சின் லாங்டாக் பகுதியில் காஸ்தெல்நொதாரி, கார்காசோன், தூலூஸ் மூன்றும் தங்கள் கஸூலேதான் அசல் என்று சொல்லிக்கொள்கின்றன. கார்காசோனில் ஆட்டுக்கறி சேரும், தூலூஸில் அந்த ஊரின் பெயர் பெற்ற சாசேஜ். காஸ்தெல்நொதாரிக்குப் பக்கத்து இஸ்ஸெலில் செய்யப்பட்ட 'கஸோல்' என்னும் அகல வாய் மண்சட்டியிலிருந்து பெயர் வந்தது. சண்டையை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். வீட்டில் செய்பவருக்கு முக்கியம் பீன்ஸ்.

வெள்ளை லேங்கோ அல்லது தார்ப் பீன்ஸ் 600 கிராம், 12 மணி நேரம் ஊறவேண்டும். அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் 10 நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்து அதையும் வடித்துவிடுங்கள். இந்தக் கொதி பீன்ஸிலுள்ள லெக்டின் என்னும் நச்சுப் புரதத்தை அழிக்கிறது. பானை குறைந்த சூட்டில் மட்டுமே கிடந்தால் அது அழியாது. பிறகு 200 கிராம் பன்றித் தோல், சிவக்க வறுத்த பன்றித் தோள்கறி 400 கிராம், கேரட், வெங்காயம், பூண்டு 5 பல், புக்கே கார்னியோடு ஒரு மணி நேரம். பீன்ஸ் வெந்திருக்க வேண்டும், தோல் கிழியக் கூடாது. வேகவைத்த நீரைக் கொட்டிவிடாதீர்கள்.

பீன்ஸ் எவ்வளவு நேரமானாலும் கல்லாக இருந்தால் மூன்று காரணங்கள்: வருடக்கணக்கில் கிடந்த பழைய பீன்ஸ், கால்சியம் மிகுந்த கடின நீர், அல்லது முன்கூட்டியே சேர்த்த தக்காளி. அமிலமும் கால்சியமும் செல்களை ஒட்டவைக்கும் பெக்டினை இளக விடாது. உப்புப் போட்டால் வேகாது என்பது பொய். ஆனால் வாத்து கான்ஃபியில் (உப்பிட்டு, கொழுப்பிலேயே மெதுவாக வேகவைத்த வாத்து) ஏற்கெனவே உப்பு இருப்பதால் கடைசியில் ருசி பார்த்துச் சேருங்கள்.

சட்டியின் அடியில் வெந்த தோல், மேலே பாதி பீன்ஸ், அதன்மேல் கறியும், கொழுப்பு வழித்த வாத்து கான்ஃபி கால் நான்கும் (மூட்டில் இரண்டாகப் பிரித்து), மீதி பீன்ஸ், எல்லாவற்றுக்கும் மேல் சிவக்க வறுத்த சாசேஜ் 450 கிராம். பீன்ஸ் வெந்த நீர் மேல்மட்டத்தைத் தொடும்வரை ஊற்றி, மூடாமல் 150 பாகை ஓவனில் 3 மணி நேரம். ஒரு மணி நேரத்தில் மேலே பழுப்பு ஆடை கட்டும். அதைக் கரண்டி முதுகால் உள்ளே அமுக்குங்கள். அரை மணிக்கு ஒருமுறை மறுபடி. ஏழு முறை உடைக்க வேண்டும் என்பது ஐதீகம், வீட்டில் நான்கு போதும். கடைசி ஆடையை மட்டும் விட்டுவிடுங்கள். விளிம்பில் சாறு தெரியாவிட்டால் எடுத்து வைத்த நீரிலிருந்து ஒரு கரண்டி. ரொட்டித் தூள் தூவி ஆடையை வரவழைப்பது குறுக்குவழி. பீன்ஸின் மாவுச்சத்தும் ஜெலட்டினும் போதும், தூள் இருக்கும் சாற்றையும் உறிஞ்சிவிடும்.

பொத்தோஃபே

மாட்டிறைச்சியும் காய்களும் தெளிந்த சாற்றில் வேகும் இது எளியது, விரைவாகச் சொல்லிவிடலாம். மெலிந்தது, கொழுப்புள்ளது, ஜெலட்டின் உள்ளது என மூன்று வகைக் கறி: மக்ரூஸ், விலாவான ப்ளா து கோத், ஜாரே, மொத்தம் 2 கிலோ. பெரிய துண்டுகளாக, நூலால் கட்டி, 4 லிட்டர் குளிர்ந்த நீரில். முதல் இருபது நிமிடம் நுரையை விடாமல் எடுக்க வேண்டும். நுரை கலந்து கொதித்துவிட்டால் சாறு கலங்கல்தான். பிறகு கிராம்பு குத்திய வெங்காயம், புக்கே கார்னி, மிளகு, கல்லுப்பு, மூன்று மணி நேரம். கேரட், டர்னிப், லீக் கடைசி 45 நிமிடத்துக்கு மட்டும். உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் தனிப் பானையில், ஒன்று சாற்றைக் கலக்கும், மற்றது வாசத்தை விழுங்கும். மஜ்ஜை எலும்பின் இரு முனையிலும் கல்லுப்பு அப்பி, கடைசி இருபது நிமிடம் தனிப் பாத்திரத்தில் கொஞ்சம் சாறு விட்டு வேகவைத்தால் மஜ்ஜை ஒழுகாது.

முதலில் சாறு கிண்ணத்தில் வரும், பிறகு கறியும் காய்களும் தட்டில், கல்லுப்பு, கடுகு, கோர்னிஷோன் (சின்ன வெள்ளரிப் பிஞ்சு) ஊறுகாயோடு. மீந்த கறியைப் பிய்த்து, பொடியாக அரிந்த ஷாலட் (ஒரு வகைச் சின்ன வெங்காயம்), கடுகு, வினிகர், எண்ணெய் கலந்து குளிர்ந்த சாலட் செய்யலாம். இல்லாவிட்டால் வதக்கிய வெங்காயத்தோடு கொத்தி, மேலே உருளை மசியலைப் பரப்பி 200 பாகையில் 25 நிமிடம் வைத்தால் மறுநாளைக்கு ஆஷி பார்மான்த்யே தயார். மசியலுக்கு அடியில் இரண்டு கரண்டி சாறு ஊற்ற மறந்தால் கறி மட்டும் காய்ந்து தனியாக நிற்கும்.